குடியை விட்டாச்சு, வீடு இன்னும் விடவில்லை

நேற்று சாயங்காலம் மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பழைய கூட்டாளியைப் பார்த்தேன். ஒரு காலத்தில் என்னோடு சேர்ந்து குடித்தவன். விட்டு நாற்பது நாள் ஆகிறது என்றான். முகம் தெளிந்திருந்தது, ஆனால் குரலில் கோபம். "நாப்பது நாளா தொடல மக்கா. வீட்டுல அவ இன்னும் என் சட்டைய மோந்து பாக்கா. இதுக்கு குடிச்சிட்டே இருந்திருக்கலாம்" என்றான். அதற்குள் குலசேகரம் பஸ் வந்துவிட்டது, நான் ஏறிவிட்டேன். அந்தக் கடைசி வாக்கியம் ராத்திரி முழுக்க என்னைத் தூங்க விடவில்லை. அதே வாக்கியத்தை நானும் சொல்லியிருக்கிறேன், சொன்ன மூன்றாவது வாரம் குடித்தும் இருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் அவனிடம் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி வேண்டிய அளவு மட்டும். மலையோரத்தில் அப்பா நட்ட ரப்பர், ஒன்றரை ஏக்கர். நானேதான் பால் வெட்டுகிறேன். 16 வருடம் குடித்தேன், கடைசி ஆறு வருடம் காலையிலேயே. இப்போது 2 வருடம் 3 மாதம் ஆகிறது, அதுவும் ஒரு தடவை சறுக்கி விழுந்து எழுந்த பிறகு எண்ணிய கணக்கு. பெயர் போடவில்லை. குடியை விட்டவர்கள் கூடும் எங்கள் குழுவில் பெயரை வெளியே சொல்லாத வழக்கம் உண்டு, அது என்னை விட என் மகளுக்குத்தான் உபயோகம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதில் உயிர் போகும் காரியம் இருக்கிறது. நான் முதல் தடவை விட்டது யாரிடமும் கேட்காமல், வைராக்கியத்தில், ஒரே நாளில். மறுநாள் கை நடுக்கம், வேர்வை, ஓங்கரிப்பு. மூன்றாம் நாள் ராத்திரி சுவர் முழுக்க பல்லி ஊர்வதைப் பார்த்தேன், விளக்குமாற்றை எடுத்து வந்து வெறும் சுவரை அடித்துக்கொண்டிருந்தேன். மச்சினன் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தான். வருடக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரைக்கும் இப்படிப் புத்தி தடுமாறலாம், கவனிக்காமல் விட்டால் சாவு வரைக்கும் போகும் என்று அங்கே டாக்டர் சொன்னார். மாத்திரை கொடுத்து அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள், பி1 வைட்டமின் ஊசி போட்டார்கள். ஆகவே தினமும் குடிக்கிறவர் யாராக இருந்தாலும் டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 போதை மீட்புக்கான இலவச எண், மனம் நொந்து போயிருந்தால் 14416. இரண்டுமே அரசாங்க எண்கள்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் மாதம் எல்லாம் நன்றாக இருந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் பாராட்டினார்கள், பசி எடுத்தது, மரச்சீனியும் சாளைக் குழம்பும் போட்டுத் தின்றேன், உடம்பு தேறியது. மூன்றாம் மாதம்தான் ஒரு வெறுமை வந்து உட்கார்ந்தது. மகள் கணக்கில் நல்ல மார்க் வாங்கி வந்தாள், சந்தோஷம் வரவில்லை. ரப்பர் ஷீட்டுக்கு விலை ஏறியது, சந்தோஷம் வரவில்லை. ராத்திரி ஒரு மணிக்கே முழிப்பு. நான் செத்துப்போன மனுஷன் மாதிரி நடமாடிக்கொண்டிருந்தேன், வீட்டில் எல்லோரும் நான் பிழைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். இதை யாரிடம் சொல்வது? டாக்டரிடம்தான் சொன்னேன். இத்தனை வருடம் சந்தோஷத்துக்கு மூளை சாராயத்தையே நம்பியிருந்துவிட்டது, சின்னச் சின்ன விஷயத்தில் ருசி திரும்ப மாதங்கள் ஆகும், இது வியாதியின் ஒரு பகுதிதான், உன் குணம் கெட்டுப்போகவில்லை என்றார். தூக்கத்தை லேசாக எடுக்காதே, தூக்கம் கெட்டவன்தான் சீக்கிரம் திரும்பிப் போகிறான் என்றும் சொன்னார்.

குழுவில் நாலு வார்த்தை சொல்லித் தருவார்கள்: பசி, கோபம், தனிமை, களைப்பு. ஆசை முட்டும்போது இந்த நாலில் எது இருக்கிறது என்று பார் என்பார்கள். என் வேலையை யோசித்துப் பார்த்தேன். மூன்றரை மணிக்கு எழுந்து, நெற்றியில் ஹெட்லைட் கட்டிக்கொண்டு, இருட்டில் ஒற்றை ஆளாக 250 மரம். வெயில் ஏறினால் பால் சீக்கிரம் நின்றுவிடும் என்பதால் அவசரம். அப்புறம் சிரட்டை சிரட்டையாகப் பால் எடுத்து, ஆசிட் சேர்த்து ட்ரேயில் ஊற்றி, உறைந்த பிறகு மெஷினில் கொடுத்து ஷீட் அடித்து முடிக்கும்போது மணி பதினொன்று தாண்டும். வயிற்றில் ஒன்றும் இருக்காது, பேச ஆள் இருக்காது, முதுகு ஒடியும். கடை திறப்பது பன்னிரண்டு மணிக்கு. எனக்கு ஆசை வந்ததெல்லாம் சரியாக அந்த ஒரு மணி நேரத்தில்தான்! பிளாஸ்கில் சாயாவும் நாலைந்து மட்டிப்பழமும் கொண்டுபோக ஆரம்பித்தேன், ஏழு மணிக்கு ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சாதாரண விஷயம்தான். ஆனால் பிரார்த்தனையும் சத்தியமும் செய்யாததை அந்தப் பழம் செய்தது என்று நான் நிச்சயமாகச் சொல்வேன்.

ஆனால் கோபத்துக்குப் பழம் போதாது. வீட்டுக்காரி சட்டையை மோந்தாள். கொடியில் கிடக்கும் சட்டையைத் துவைக்க எடுக்கிற சாக்கில், முதுகு காட்டிக்கொண்டு, ஒரு நொடி மூக்கருகில். சாயா தரும்போது வேண்டியதை விடப் பக்கத்தில் வந்து நின்றாள். நான் போன் எடுக்காவிட்டால் பத்து நிமிடத்தில் மச்சினன் விளையில், அதாவது ரப்பர் தோட்டத்தில், வந்து நின்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நான்தான் விட்டுட்டேனே, இன்னும் என்ன வேணும் உனக்கு?" என்று கத்தினேன். ஒரு நாள் அந்த வாக்கியத்தையும் சொன்னேன், இதற்குக் குடித்துக்கொண்டே இருந்திருக்கலாம் என்று. இப்போது யோசித்தால், அதைச் சொன்ன அன்றைக்கே பாதி குடித்தாகிவிட்டது. அவள் சந்தேகத்தை ஒரு காரணமாக எடுத்து பையில் போட்டு வைத்துக்கொண்டேன், செலவழிக்க ஒரு இடம்தான் பாக்கி.

இடம் கிடைத்தது, ஐந்தாம் மாதம். சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி. பந்தலில் அவியலுக்குக் காய் வெட்டிக்கொண்டிருந்தோம். குவைத்திலிருந்து வந்த அண்ணன் ஒருவர் சமையல் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டார். "ஒண்ணு மட்டும் போடு மக்கா, இவ்வளவு நாள் விட்டவனுக்கு ஒண்ணுல என்ன ஆகப் போவுது." போட்டேன். ஒன்றோடு நிற்கவில்லை.

பைக்கை அங்கேயே விட்டுவிட்டு மூன்று கிலோமீட்டர் நடந்தேன். வழியெல்லாம் என்ன பொய் சொல்லலாம் என்று பழைய பழக்கத்தில் மனசு தேடிக்கொண்டே வந்தது, பாக்கு போட்டுக்கொள்ளலாமா, தோட்டத்தில் படுத்துவிட்டு விடிந்து போகலாமா என்று. வீட்டுப் படியில் கால் வைத்ததும் எனக்கே தெரியாமல் வாயிலிருந்து வந்தது: "குடிச்சிட்டேன்." அவள் கத்தவில்லை. மகளை உள் அறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினாள். ஒரு பாயைக் கொண்டுவந்து திண்ணையில் போட்டாள். காலையில் சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்களா சொன்னீங்க. அது மட்டும் புதுசு."

அந்த வாரம் குழுவில் நான் தலைகுனிந்து இதையெல்லாம் சொல்லி, சந்தேகத்தைத் தாங்க முடியவில்லை என்று முடித்தபோது, குளச்சல் பக்கத்துக் கடல்காரர் ஒருவர், 20 வருடத்துக்கு மேல் குடிக்காமல் இருப்பவர், சொன்னார்: "பதினாறு வருஷம் நீ அவகிட்ட பொய் சொன்ன. அவ மூக்கு ஒண்ணுதான் அவளுக்கு உண்மையைச் சொல்லிச்சு. அத அஞ்சு மாசத்துல நம்பாதன்னா எப்பிடி விடுவா?" என் கூட்டாளிக்கு நான் சொல்ல நினைப்பதெல்லாம் இந்த ஒரு பேச்சில் இருக்கிறது. அவள் மோந்து பார்ப்பது உன்னை அவமானப்படுத்துவதற்கு என்று நினைக்கிறாய். அவளையும் பிள்ளையையும் இத்தனை வருடம் காப்பாற்றிய ஒரே ஆயுதம் அதுதான், கீழே வைக்கச் சொல்லும் உரிமை நமக்குக் கிடையாது. அவளாக மறந்துபோய் எங்கேயாவது வைக்கிற வரைக்கும் நாம் இருக்க வேண்டியதுதான்.

அதற்குப் பிறகு நானே டாக்டரிடம் கேட்டு டைசல்ஃபிரம் மாத்திரை போட ஆரம்பித்தேன். இதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து ஆளைப் புரட்டிவிடும், பிரஷர் விழுந்து ஆபத்தாகவும் ஆகலாம். ஈரலையும் இருதயத்தையும் பார்த்துவிட்டு, எங்கள் இருவரையும் உட்கார வைத்து எல்லாம் விளக்கிய பிறகுதான் எழுதிக் கொடுத்தார். நிறுத்தின பிறகும் இரண்டு வாரம் வரைக்கும் அதன் வேலை இருக்குமாம். இருமல் மருந்தில் கவனம் வேண்டும், அரிஷ்டத்தில் கவனம் வேண்டும். அரிஷ்டம் நொதித்து வருவது, அதில் தானாகவே ஆல்கஹால் உண்டு. நம்மூரில் மேல்வலி என்றால் உடனே அரிஷ்டத்தைத் தேடுகிற பழக்கம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இந்த மாத்திரைக்கும் எனக்கும் ஒரு பழைய கதை உண்டு. நாலைந்து வருடம் முன்னால் அம்மா யாரிடமோ வாங்கி, எனக்குத் தெரியாமல் தோசை மாவில் கலந்து கொடுத்தாள். அன்று மதியம் குடித்தவன் சாகிறேன் என்றே நினைத்தேன். விஷயம் தெரிந்த பிறகு வீட்டில் சாப்பிடுவதையே நிறுத்தினேன், ஓட்டலில் தின்றேன், இன்னும் அதிகம் குடித்தேன். "உன்ன காப்பாத்தத்தான் மக்களே செய்தேன்" என்று அம்மா அழுதாள். அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் சொல்லாமல் கலந்து கொடுக்கும் மருந்தை யார் விற்றாலும் வாங்காதீர்கள். ஆளைக் கொல்லக்கூடியது, அதோடு வீட்டுச் சோற்றின் மேல் மிஞ்சியிருந்த நம்பிக்கையையும் கொன்றுவிடும்.

அதே மாத்திரையைத் தெரிந்தே போட்டபோது வேறு மாதிரி வேலை செய்தது. காலையில் விளையிலிருந்து வந்ததும் அவள் உள்ளங்கையில் வைத்துத் தருவாள், நான் அவள் முன்னாலேயே தண்ணீர் குடித்து விழுங்குவேன். முதல் வாரம் ஜெயில் கைதி மாதிரி இருந்தது. அப்புறம்தான் கவனித்தேன், நான் விழுங்கியதும் அவள் தோள் இரண்டும் கொஞ்சம் கீழே இறங்கும். அன்றைய தினத்துக்கு அவள் என்னை மோந்து பார்க்க வேண்டாம். ஒரு நாள் முழுக்க அவளுக்கு லீவு. ஒரு வருடம் கழித்து டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். அந்த நேரத்தில் இப்போது இரண்டு பேரும் கருப்பட்டிக் காப்பியோடு சும்மா உட்கார்ந்திருக்கிறோம்.

யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. நான் நன்றாக ஆன பிறகுதான் அவள் உடைந்தாள். ஒரு வருடம் தாண்டியிருக்கும். கேஸ் தீர்ந்துபோனது, அவ்வளவுதான் நடந்தது. அடுப்புக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுதாள். இப்போது என்ன குறை உனக்கு என்று கேட்டுவிட்டேன். "நீங்க குடிச்சப்ப எனக்கு அழ நேரமில்ல" என்றாள். பிரஷரும் தலைவலியும் தூக்கமின்மையும் எல்லாம் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஆபத்து நடக்கும்போது தாங்கிப் பிடிக்கிறவர்கள் அது ஓய்ந்த பிறகே விழுகிறார்கள் போல. குடிகாரர்களுக்கான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-ல் அமெரிக்காவில் தொடங்கியது, அதை ஆரம்பித்த இரண்டு பேரில் ஒருவருடைய மனைவி சேர்ந்துதான் 1951-ல் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்று தனியாக ஆரம்பித்தார். 16 வருட இடைவெளி. வீட்டில் இருப்பவர்களுக்கும் வைத்தியம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தாமதமாகத்தான் உறைக்கிறது. இவள் மாதம் இரண்டு தடவை பஸ் ஏறி அப்படி ஒரு கூட்டத்துக்குப் போகிறாள். அங்கே என்ன பேசினாய் என்று நான் கேட்பதில்லை. கேட்க ஆசை இருக்கிறது, ஆனாலும் கேட்பதில்லை.

மன்னிப்பு பற்றி. இரண்டாம் மாதமே நான் அவள் முன்னால் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். அவள் பயந்து பின்னால் போனாள். ஏன் என்று அப்போது புரியவில்லை. கை நீட்டிய ஒவ்வொரு ராத்திரிக்கும் மறுநாள் காலையில் நான் இப்படித்தான் நின்றிருக்கிறேன், அவளுக்கு அந்தக் காட்சியே அடிக்கு அடுத்து வருவது. கை நீட்டியது மட்டுமில்லை, தையல் கடைக்குப் போய் வர எத்தனை நிமிடம் என்று எண்ணி, அவள் மேல் வாய் கூசும் பழி போட்டிருக்கிறேன். நெடுநாள் குடித்தவர்களுக்கு இந்தச் சந்தேகப் புத்தி வருவதுண்டு என்று டாக்டர் சொன்னார். வியாதி என்று தெரிந்ததில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல், அவளுக்கு அதனால் எந்த ஆறுதலும் இல்லை. குடியிலிருந்து மீளக் குழுவில் சொல்லும் பன்னிரண்டு படிகளில் ஒன்பதாவது, நாம் கெடுத்தவர்களிடம் நேராகப் போய் ஈடு செய்யச் சொல்கிறது, ஆனால் அவர்களுக்கோ வேறு யாருக்கோ அதனால் காயம் வருமென்றால் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. அந்தப் பின்பாதியை நான் படிக்காமல் முழங்கால் போட்டுவிட்டேன். இப்போது வாயால் கேட்பதில்லை. ஏடிஎம் கார்டு அவளிடம். அடகில் போன 6 பவுனில் 4 திரும்பியிருக்கிறது, ரசீதை அவள் பெயரில் எழுதச் சொன்னேன்.

இதைப் படிக்கும் பெண்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டுக்காரர் குடியை விட்டுவிட்டார் என்பதற்காக நீங்கள் அவரை மன்னித்தே ஆக வேண்டும், கூடவே இருந்தாக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் கிடையாது. விட்டதற்குக் கூலி கேட்கிறவன் இன்னும் முழுசாக விடவில்லை. அடி வாங்கிக்கொண்டிருந்தால் பெண்களுக்கான உதவி எண் 181-க்கு அழையுங்கள், அவர் திருந்துவதற்குக் காத்திருக்க வேண்டாம்.

என் விளையில் கிழக்கு வரிசையில் பத்துப் பன்னிரண்டு மரம் இருக்கிறது. கை நடுங்கிய காலத்தில் நான் வெட்டியவை. ரப்பரில் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும், கத்தி ஆழம் போய் தடியில் பட்டுவிட்டால் அந்த இடத்தில் திரும்ப வளரும் பட்டை சமமாக வராது, முண்டு முண்டாக வரும். மற்ற மரங்களில் பட்டை மறுபடி வளர்ந்து ஏழெட்டு வருடத்தில் அதே இடத்தில் வெட்டலாம். இந்த மரங்களில் அந்த முண்டுக்கு மேல் கத்தி ஓடாது. ஆனாலும் மறுபக்கத்தில் வெட்டுகிறேன், பால் தருகின்றன. தினமும் விடிவதற்கு முன் ஹெட்லைட் வெளிச்சத்தில் அந்த முண்டுகளைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த மரத்துக்குப் போகிறேன்.

மகள் ஒன்பதாம் வகுப்பு. வண்டி ஸ்டாண்ட் போடும் சத்தத்திலேயே அப்பா எந்த நிலையில் வருகிறார் என்று அவளுக்குத் தெரியுமாம். ஒரே உதையில் ஸ்டாண்ட் விழுந்தால் சாப்பிடலாம், இரண்டு மூன்று தடவை கிரீச்சிட்டால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பாட்டி அறைக்கு ஓட வேண்டும். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொன்னாள். விட்டு ஒரு வருடம் ஆன பிறகும் என் வண்டி முற்றத்தில் நிற்கும்போது அவள் பென்சில் ஒரு கணம் நின்றுதான் ஓடும். எனக்கு ஜன்னல் வழியாகத் தெரியும். நான் ஒன்றும் கேட்டதில்லை, ஒரே உதையில் ஸ்டாண்ட் போட மட்டும் பார்த்துக்கொள்வேன்.

ஆறாம் வகுப்பிலிருந்து அவள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் அப்பா துபாயில் இருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தாள். இந்த ஊரில் பாதி வீட்டு அப்பாக்கள் வெளிநாட்டில், யாரும் சந்தேகப்படவில்லை. பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு அம்மா மட்டும் போவாள். நான் குடியை விட்ட பிறகும் அப்படியேதான், வீட்டுக்காரியை பைக்கில் கொண்டுவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு எதிரே உள்ள கடையில் சாயா வாங்கிக்கொண்டு திரும்பி நிற்பேன், பிள்ளைகள் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதே என்று. அந்தப் பொய்யை மாற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் இருந்த நிலைக்கு அது நல்ல பொய்.

போன புதன்கிழமை ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்பா, வெள்ளிக்கிழமை மீட்டிங். நீங்களும் வாறீங்களா?"

வீட்டுக்காரி கரண்டியோடு நின்றுவிட்டாள். "வாறேன் மக்களே. பிள்ளைங்க கேட்டா என்ன சொல்லுவ?" என்றேன்.

"லீவுக்கு வந்திருக்கீங்கன்னு சொல்லிட்டேன்."

மச்சினன் துபாயிலிருந்து முன்பு கொண்டுவந்த நீலச் சட்டை ஒன்று பெட்டியில் கிடந்தது, பிரிக்காமல். வெள்ளிக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு போனேன். டீச்சர் எப்போது திரும்பப் போகிறீர்கள் என்று கேட்டார். நான் மகளைப் பார்த்தேன். "இப்போ போகல மிஸ்" என்று அவளே சொன்னாள்.